நம்ம டைப் ஆளுங்க

உலகத்தில் வீடு பார்க்கிறவர்கள் உண்டு, மாப்பிள்ளை பார்க்கிறவர்கள் உண்டு, சும்மா வேடிக்கை பார்க்கிறவர்களும் உண்டு. நான் இப்போது உங்கள் முன்னால் கொண்டுவந்து நிறுத்தப் போகிறவர் ஆள் பார்க்கிறவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். இனி மிச்சமுள்ள நாட்களைத் தன்னைப் போலவே யோசிக்கிற, தன்னைப் போலவே ஓடியாடித் திரிகிற மனிதர்கள் நடுவில் கழிக்க வேண்டுமென்று ஒவ்வொரு ஓய்வுகாலக் குடியிருப்பாக ஏறி இறங்குகிறார். கக்கத்தில் நீல நிறக் கோப்பு. அதற்குள் பளபளக்கும் விளம்பரத் தாள்கள். ஒவ்வொரு தாளிலும் நரைத்த தலையோடு ஓர் ஆணும் பெண்ணும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். சைக்கிளில் சிரிக்க என்ன இருக்கிறது என்று மட்டும் இவர் கேட்க மாட்டார். மற்ற எல்லாவற்றையும் கேட்பார்.

இவரை எப்படி அடையாளம் காண்பது? இரண்டு வாக்கியங்கள் போதும். "நம்ம டைப் ஆளுங்க இருக்கணும்" என்பது ஒன்று. "சும்மா உக்காந்திருக்கிற கூட்டம் ஆகாது, ஆக்டிவா இருக்கணும்" என்பது இரண்டு. இரண்டாவதைச் சொல்லும்போது பெரும்பாலும் படுத்திருப்பார்.

இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி என் சொந்த அத்தான் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. முப்பத்து நான்கு வருடம் லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்தவர். எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் லிஃப்டுக்குள் நுழைந்து, கண்ணை மூடி, சுவரில் ஒரு காதை வைத்துக் கேட்டுவிட்டு, "கம்பி அழுவுது" என்பார். கூட இருந்தவர்கள் அடுத்த மாடியிலேயே இறங்கி நடந்து போவார்கள். இப்படிப்பட்டவர் தனக்கென்று வீடு பார்த்தபோது, லிஃப்டே இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடியைத் தேர்ந்தெடுத்தார். "உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சவன் அதுல குடும்பத்தை ஏத்துவானா?" என்றார். விளைவு, என் அக்கா இருபத்தாறு வருடம் தினமும் ஐம்பத்தேழு படிகளை ஏறி இறங்கினாள். ஒரு நாள் முட்டி இரண்டும் சேர்ந்து வேலை நிறுத்தம் அறிவித்துவிட்டன.

அக்கா சாதாரணப்பட்டவள் அல்ல. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டும் பிரிவுக்கு மேற்பார்வையாளர். அவள் இரண்டு முறை கைதட்டினால் எண்பது கத்தரிகள் அப்படியே அந்தரத்தில் நிற்கும். அப்படிப்பட்டவளை டாக்டர் கூப்பிட்டு, "இனிமே படி ஏறுறதா இருந்தா, முட்டி ரெண்டையும் கழட்டி என் மேஜையில வெச்சுட்டுப் போங்கம்மா" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவள் மூன்றாவது மாடி ஜன்னலோடு ஜன்னலாக உட்கார்ந்து, கீழே தெருவில் தாறுமாறாக நிற்கும் வண்டிகளைக் கைதட்டிக் கைதட்டி ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள். பாதி ஓட்டுநர்கள் கேட்டார்கள் என்பதுதான் ஆச்சரியம்.

தரைத்தளத்தில் ஓர் அறை. நாலு பேர் பழக்கம். அக்கா கேட்டது அவ்வளவுதான். அத்தான் கேட்டது நாற்பத்திரண்டு. ஆம், நாற்பத்திரண்டு கேள்விகள் கொண்ட தாள் ஒன்றைத் தயாரித்து வைத்திருந்தார். "இங்குள்ளவர்கள் செய்தித்தாளை எந்தப் பக்கத்திலிருந்து படிக்கிறார்கள்?" என்பது அதில் பதினேழாவது. கார் வைத்திருந்த பாவத்துக்கு நான்தான் சாரதி.

இரண்டு வருடத்தில் பத்து இடங்கள் பார்த்தோம். முதல் இடத்தில் காலை ஆறு மணிக்கு எல்லோரும் வட்டமாக நின்று சிரித்தார்கள். "காரணமே இல்லாம சிரிக்கிறானுங்க, நம்ம டைப் இல்ல" என்றார் அத்தான். இரண்டாவது இடத்தில் யாருமே சிரிக்கவில்லை. அதுவும் நம்ம டைப் இல்லை. மூன்றாவது இடத்தில் எல்லாமே சரியாக அமைந்து, அக்கா எந்த ஜன்னலுக்கு எந்தத் திரை என்று முடிவு செய்யும் கட்டத்துக்கே போய்விட்டாள். அப்போது சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு பெரியவர் தேநீரைத் தட்டில் ஊற்றி உறிஞ்சினார். அத்தான் கேள்வித் தாளை மடித்துக் கோப்புக்குள் வைத்தார். இன்னோர் இடத்தில் நடனப் பயிற்சி. ஒரு முன்னாள் தலைமைச் செவிலியர் இவர் கையைப் பிடித்து இழுத்து ஒரு சுற்று சுற்றிவிட, அத்தான் மூன்று நாள் பக்கவாட்டிலேயே நடந்தார்.

"ஆக்டிவான இடந்தானே கேட்டீங்க?" என்றாள் அக்கா.

"ஆக்டிவ்னா இப்படி இல்லம்மா. மனசளவுல ஆக்டிவ்."

பத்தாவது இடத்திலிருந்து திரும்பிய அன்று அக்கா ஐம்பத்தேழு படிகளையும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் சுவரில் தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தாள்.

"தம்பி, அடுத்த தடவை கீழ இறங்கினா நான் திரும்பி ஏற மாட்டேன். உங்க அத்தான் கிட்ட சொல்லிடு."

அத்தான் மேலே வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார். காதில் விழுந்தது. நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பதினோராவது இடத்தில்தான் கதை திரும்பியது. அங்கே ஒரு விசித்திரமான விதி இருந்தது. நாம் அவர்களைப் பார்ப்பது போல அவர்களும் நம்மைப் பார்ப்பார்கள். மூன்று நாள் தங்க வேண்டும், பிறகு குடியிருப்போர் குழு முடிவு சொல்லும். குழுவின் தலைவி சுங்கத்துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு மனிதரைப் பார்த்தால், உள்ளே என்ன மறைத்துக் கொண்டுவருகிறார் என்கிற மாதிரிதான் பார்ப்பார். அத்தானை முதல் பார்வையிலேயே மேலிருந்து கீழ்வரை ஸ்கேன் செய்துவிட்டார்.

விண்ணப்பத்தில் பொழுதுபோக்கு என்ற இடத்தில் அத்தான், "நீச்சல், சதுரங்கம், தோட்டவேலை, ஓவியம்" என்று எழுதினார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இவர் வாளித் தண்ணீரிலேயே கால் நனைக்க யோசிப்பவர்.

"அத்தான், நீச்சலா?"

"ஒரு இதுக்கு எழுதறதுதாண்டா. யாரு வந்து பாக்கப் போறா?"

சுங்கத்துறை அம்மா பார்த்தார். மறுநாள் காலை ஏழு மணிக்கு நீர்ப்பந்து ஆட்டத்தில் அத்தானை அணித் தலைவராகவே போட்டுவிட்டார். அரைக் கால்சட்டையில் அத்தானை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அதைப் பற்றி மேலே எதுவும் எழுதுவதற்கில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, பக்கத்துக் கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, ஆட்டம் முடியும்வரை அதன் திருகாணிகளைச் சோதித்தார். பந்து இரண்டு முறை தலையில் பட்டுத் தானாகவே எதிரணிக்குப் போனது. "நல்ல பாஸ்!" என்று யாரோ கத்தினார்கள்.

மதியம் சதுரங்கம். குதிரையை நேராக நகர்த்தினார். மாலை தோட்டம். களை என்று நினைத்து இவர் பிடுங்கிய செடியைச் சுற்றி நான்கு பேர் கூடி நின்று மௌனமாகப் பார்த்தார்கள். ஓவியத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். ஆப்பிள் வரையச் சொன்னதற்கு லிஃப்டின் குறுக்குவெட்டுத் தோற்றத்தை வரைந்து கொடுத்தார்.

இதற்கிடையில் அக்கா என்ன செய்துகொண்டிருந்தாள்? விண்ணப்பத்தில் பொழுதுபோக்கு என்ற இடத்தில் அவள் ஒரு கோடு மட்டும் போட்டிருந்தாள். முதல் நாள் சலவை அறைக்குள் எட்டிப் பார்த்தாள். துணிகள் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இரண்டு முறை கைதட்டினாள். இரண்டாம் நாள் சலவை அறையில் வரிசை வந்துவிட்டது. மூன்றாம் நாள் பழைய திரைச்சீலைகளை வெட்டி நாற்காலி உறைகள் தைக்க ஒன்பது பேர் அவளைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர் ஓய்வு பெற்ற அறுவை சிகிச்சை நிபுணர். அவர் வெட்டியது கோணலாக இருக்கிறதென்று அக்கா அவரைத் திட்டிக்கொண்டிருந்தாள். அவருக்கு முகம் கொள்ளாத சந்தோஷம்.

மூன்றாம் நாள் மாலை முடிவு சொன்னார்கள். சுங்கத்துறை அம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"அம்மாவை எடுத்துக்கறோம். தரைத்தளம், மூணாம் நம்பர் அறை. ஐயா விஷயம்... இன்னும் ஆறு மாசம் கழிச்சுப் பாக்கலாம்."

அத்தானுக்குப் புரியவே கொஞ்ச நேரமாயிற்று. இரண்டு வருடமாக அடுத்தவர்களைக் கழித்துக் கட்டியவரை முதன்முறையாக ஒருவர் கழித்துவிட்டார்.

"என்னங்க இது? நாங்க ஒரே குடும்பம்!"

"குடும்பம் ஒண்ணுதாங்க. விண்ணப்பம் ரெண்டு."

"வாம்மா, கெளம்பு. இவங்க நம்ம டைப் இல்ல" என்று அத்தான் கோப்பைக் கக்கத்தில் செருகினார்.

அக்கா எழுந்திருக்கவில்லை.

"நீங்க போங்க. நான் இருக்கேன்."

"என்னது?"

"என் முட்டி உங்க டைப் இல்லங்க" என்றாள் அக்கா. குரலில் கோபமே இல்லை. அதுதான் அத்தானை உலுக்கிவிட்டது. திரும்பி வரும்போது நீலக் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தார். நாற்பத்தொரு வருடத் தாம்பத்தியத்தில் முதல் தடவையாக அவர் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது.

மறுநாளிலிருந்து அத்தான் விருந்தாளியானார். சொந்த மனைவியைப் பார்க்கக் காலை ஒன்பது மணிக்குப் போய், வாசலில் பார்வையாளர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, மாலை ஆறு மணிக்குக் காவலாளி விசில் ஊதியதும் வெளியேற வேண்டும். நான் கொண்டுவிடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார். இரண்டு பஸ் மாறிப் போனார். பாத்திரத்தை மறந்துவிட்டார், பையை மறந்துவிட்டார் என்று ஐம்பத்தேழு படிகளையும் தினமும் மூன்று முறை ஏறி இறங்கினார். ஒரே மாதத்தில் இடுப்புப் பட்டையில் இரண்டு புது ஓட்டைகள் போட வேண்டிவந்தது. மனிதர் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஆக்டிவாகிவிட்டார். ஆனால் அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. சொல்கிற துணிச்சல் எனக்கும் இல்லை.

அந்தப் பதிவேட்டில் "வந்த காரணம்" என்று ஒரு கட்டம் உண்டு. முதல் நாள் அத்தான் "ஆய்வு" என்று எழுதினார். பழக்க தோஷம். இரண்டாம் வாரம் "மனைவி" என்று எழுதினார். நான்காவது வாரம் ஒரு நாள், கட்டத்தைத் தாண்டி ஓரத்தில் வளைந்து வளைந்து, "வீட்டில் குறை சொன்னால் கேட்க ஆளில்லை" என்று எழுதியிருந்தார்.

பதிவேட்டை யார் படிக்கப் போகிறார்கள்? சாதாரண மனிதர்கள் படிக்க மாட்டார்கள். சுங்கத்துறையில் முப்பது வருடம் இருந்தவர் தினமும் மாலை ஒரு வரி விடாமல் படிப்பார். அன்று ஆறு மணி விசிலுக்கு முன்னால் அத்தானைக் கூப்பிட்டனுப்பினார். அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன்.

"உண்மையைச் சொல்லுங்க. உங்க பொழுதுபோக்கு என்ன?"

அத்தான் வாயைத் திறந்தார். நீச்சல் என்று சொல்லிவிடுவாரோ என்று நான் கார் சாவியைக் கையில் எடுத்துவிட்டேன். அக்காவைப் பார்த்தார். அக்கா தையலிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"ஒண்ணும் இல்லம்மா. சும்மா உக்காந்திருப்பேன். போறவங்க வர்றவங்களப் பத்திக் குறை சொல்வேன். வேற ஒண்ணும் தெரியாது எனக்கு."

பிறகு சுங்கத்துறை அம்மா எழுந்து ஜன்னலைத் திறந்தார். வெளியே, நீச்சல் குளத்துக்குப் பின்புறம் ஒரு நீள பெஞ்சு. அதில் ஐந்து பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்து, எதிரே நடைப்பயிற்சி போகிறவர்களின் நடையைப் பற்றி ஆளுக்கொரு தீர்ப்பு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"விண்ணப்பத்துல அஞ்சு பேருமே நீச்சல்னுதான் எழுதினாங்க. இதை மொதல்லயே சொல்லியிருந்தா அன்னைக்கே ஆறாவது ஆளா உக்கார வெச்சிருப்பேனே. எதுக்குங்க இந்த அலைச்சல்?"

அந்த வாரமே அத்தான் மூன்றாம் நம்பர் அறைக்குக் குடிபோனார். முதல் நாள் பெஞ்சில் உட்கார்ந்து, அடுத்த கட்டடத்து லிஃப்டின் சத்தத்தைக் கேட்டு "கம்பி அழுவுது" என்றார். ஐந்து பேரும் ஒரே குரலில், "நாங்க அப்பவே சொன்னோம்" என்றார்கள். அத்தானின் கண் கலங்கியதாக அக்கா சொல்கிறாள். அவள் தினமும் அந்த வழியாக நடக்கிறாள். கைத்தடியோடு, மெதுவாக, ஆனால் சொந்தக் காலில். அவள் நடையைப் பற்றி மட்டும் பெஞ்சு கருத்துச் சொல்வதில்லை. ஒரு முறை சொல்லிப் பார்த்தார்கள். அவள் கையை இரண்டு தட்டுத் தட்டினாள்.

போன மாதம் அத்தானைக் குழுவில் சேர்த்துக்கொண்டார்களாம். புதிதாக இடம் பார்க்க வருகிறவர்களைப் பெஞ்சில் சாய்ந்தபடியே மேலும் கீழும் பார்த்து, "ஆக்டிவான ஆளுங்களத்தான் நாங்க எடுக்கறது" என்கிறாராம்.

சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். இதைப் படிக்கும்போது நடுவில் ஓரிடத்தில் பக்கத்திலிருப்பவரைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினீர்களா? அவர் சிரிக்கவில்லையா? "இதுக்குக்கூட சிரிக்காத ஆளோட எப்படிக் காலம் தள்றது?" என்று ஒரு கணம், ஒரே ஒரு கணம், மனதுக்குள் நினைத்தீர்களா? அப்படியானால் பெஞ்சில் இன்னும் ஓர் ஆளுக்கு இடமிருக்கிறது. கொஞ்சம் நெருங்கி உட்கார வேண்டும், அவ்வளவுதான்.