ஒரு பேய் கூடிப்போச்சு

டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரத்தில் தலையெண்ணி அண்ணையால் எண்ணப்படாத தமிழ்த் தலை ஒன்றுகூட இல்லை. அவர் பஸ் சாரதி. கோயில் பந்தியில் எண்ணுவார். கல்யாண வீட்டில் படம் எடுக்கிற நேரம் மேடையேறி எண்ணுவார். ஒருமுறை செத்தவீட்டில் பெட்டிக்குள் கிடந்தவரையும் சேர்த்து எண்ணிவிட்டு, "மன்னிக்கோணும், ஒண்டைக் கழியுங்கோ" என்றார். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது ஞாபகம் இருக்குமோ என்பது எனக்குச் சந்தேகம்.

ஹலோவீன் வந்தால் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளை வீடு வீடாக இனிப்பு வாங்கக் கூட்டிப்போவது அவர்தான். யாரும் கேட்கவில்லை, அவரே எடுத்துக்கொண்ட வேலை. எல்லார் முதுகிலும் ஒளிரும் பட்டி ஒட்ட வேண்டும். றோட்டைக் கடக்கும்போது முகமூடி நெற்றிக்கு ஏற வேண்டும். யார் கூப்பிட்டாலும் வீட்டுக்குள் கால் வைக்கக்கூடாது, வாசலோடு சரி.

"மினுங்கிற பேய்க்கு ஆர் பயப்படுவினம்?" என்று என் பத்து வயது மகள் டேனிஷில் கேட்டாள்.

"கார்க்காரன் பயப்படுவான். அவன் பயந்தாக் காணும்" என்றார் தமிழில்.

மகளுக்கு மானம் போய்விட்டது. எனக்கும்தான். கடந்த ஹலோவீனுக்குத் துணைக்குப் போன நான் படாத பாடுபட்டேன். பதினொரு பிள்ளைகள். ஐந்து மணிக்கே கும்மிருட்டு, எலும்பைத் துளைக்கிற குளிர். இந்த மனுசனோ ஒவ்வொரு மூலையிலும் நிறுத்தி எண்ணுகிறார்.

"அண்ணை, இதென்ன ஆட்டுக்குட்டியளே?"

"ஆட்டுக்குட்டி எண்டா கத்தும், தங்கச்சி. இதுகள் வாயில இனிப்பு இருந்தாக் கத்தாதுகள்."

நான்காவது தெருவில் எண்ணியவர் அப்படியே நின்றுவிட்டார். மறுபடி எண்ணினார். பன்னிரண்டு.

எனக்குச் சிரிப்பு வந்தது. "குறைஞ்சாத்தானே அண்ணை பயம்? கூடினா என்ன?"

"விசர்க்கதை கதையாதை! இஞ்சை ஒண்டு கூடினா, வேறை எங்கையோ ஒண்டு குறையுது."

என் சிரிப்பு நின்றுபோனது. அவர் டோர்ச்சை ஒவ்வொரு முதுகிலும் அடித்துப் பார்த்தார். வெள்ளைப் போர்வை போர்த்த ஒரு குட்டிப் பேயின் முதுகில் பட்டி இல்லை. போர்வையை விலக்கினால் நாலைந்து வயது டேனிஷ்ப் பெண்பிள்ளை, மூக்கு ஒழுகுகிறது. எங்கள் வெள்ளைப் போர்வைப் பேய்களில் ஒன்றைத் தன் அக்கா என்று நம்பிப் பின்னால் வந்திருக்கிறாள். பெயர் ஐடா. வீடு எங்கே என்று தெரியவில்லை.

என்னைப் பொலிசுக்கு ஃபோன் பண்ணச் சொல்லிவிட்டு, வந்த வழியே எங்களைத் திருப்பினார். ஒரு சந்து மாறவில்லை. "தாய் தேடிக்கொண்டு இந்த வழியாத்தான் வரும்" என்றார்.

இரண்டாவது தெருவில், கோட்டும் இல்லாமல் வீட்டுச் செருப்போடு ஒரு பெண் "ஐடா! ஐடா!" என்று அலறிக்கொண்டு ஓடி வந்தாள். பிள்ளையை அள்ளித் தூக்கியவள் அண்ணையின் தோளில் முகம் வைத்து அழுதாள். அவர் ஆடாமல் அசையாமல் நின்றார்.

அவர்கள் போனபின் அண்ணை ஒரு மதிலில் போய் உட்கார்ந்தார்.

"அண்ணை, எண்ணேல்லையோ?"

"ஏலாமல் கிடக்குது, தங்கச்சி."

என் மகள் முன்னால் போனாள். ஒவ்வொரு தலையாகத் தொட்டு டேனிஷில் பதினொன்று வரை எண்ணினாள். பிறகு அவருடைய மொட்டைத் தலையிலும் கையை வைத்து, தமிழில், "பன்னிரண்டு" என்றாள்.

பக்கத்தில் நின்ற பெற்ற தாய் என்னை எண்ணவேயில்லை. எனக்குக் கோபமே வரவில்லை.