ஆடிட்டுக்குத் தயாரான வீடு

வீட்டுக்கு யாராவது வருகிறார்கள் என்றால் என் கை பரபரக்கும். ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருந்து இருந்து வந்த வியாதி அது. ஆடிட்டர் வரும் நாளில் தரையில் முகம் தெரிய வேண்டும். (தெரிந்து யாருக்கு என்ன லாபம் என்று கேட்டவன் எவனும் அங்கே நிலைத்ததில்லை.)

வடக்குப்பட்டில் எங்கள் வீட்டை ஒட்டி கூரைக்கு ஷீட் போட்ட முன்னறை ஒன்று உண்டு. என் மனைவி செல்வி அங்கேதான் மோட்டார் வைத்த தையல் மிஷினில் ஹாஸ்டல் பெண்களுக்கு ஜாக்கெட் தைப்பாள். வீட்டுக்கு இன்சூரன்ஸ் எடுத்தபோது, சுவருக்கு மட்டும் போட்டால் உள்ளே இருக்கிற மிஷினுக்கு யார் கொடுப்பார்கள் என்று சண்டை போட்டு, சாமான்களையும் சேர்க்க வைத்தவள் அவள்தான்.

புயல் வருகிறது என்றதும் ஷீட்டைக் கம்பி போட்டுக் கட்டு, கால்வாய் அடைப்பை எடு என்றாள். கம்பெனிக்கே பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கிறவனுக்குப் பாடமா? கம்பெனிப் பயிற்சியில் எல்லோரையும் ஓரிடத்தில் கூட்டுவதுபோல, ஆபத்து வந்தால் எல்லோரும் மொட்டை மாடியில் கூட வேண்டும் என்று அறிவித்தேன். புயலில் மொட்டை மாடி! என் மகள் நித்யா என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

ஷீட் பறந்தது. கால்வாய்த் தண்ணீர் முன்னறைக்குள் முழங்கால் உயரம் நின்றது. ஃபிரிட்ஜ், கட்டில், துணி மூட்டை எல்லாம் சேறு. நனைந்த மிஷினைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி நின்றாள் செல்வி. அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

தண்ணீர் வடிந்ததும் இன்சூரன்ஸ் ஆபீசிலிருந்து போன் வந்தது. நாளைக்கு சர்வேயர் வருவார், சேதத்தைப் பார்ப்பார் என்றார்கள். 'வருவார்' என்ற சொல்தான் என் காதில் விழுந்தது.

துடைப்பத்தை எடுத்தேன். செல்வி வழியை மறித்து நின்றாள்.

"இன்னாயா அவசரம்? அந்த ஆளு வந்து பாக்கட்டும். அப்பால கழுவிக்கலாம்."

"ஒரு ஆபீசர் வர்ற வூடா இது? மானம் போவும்."

சேற்றை வழித்துக் கழுவினேன். உடைந்த ஷீட்டையும் ஃபிரிட்ஜையும் பழைய இரும்புக்காரரிடம் தள்ளிவிட்டேன். தண்ணீர் நின்ற கறை தெரியாமல் சுவருக்குச் சுண்ணாம்பும் அடித்தாயிற்று. கம்பெனியில் சுத்தம் செய்வதற்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று போட்டோ எடுப்போம். வீட்டில் பின்னால் மட்டும் எடுத்தேன். முன்னால் எடுத்தால் அசிங்கம் இல்லையா?

சர்வேயர் வந்தார். வாசல் கோலத்தை மிதிக்காமல் தாண்டினார். கூரையில்லாத அறையின் பளபளத்த தரையில் நின்று சுற்றிலும் பார்த்தார்.

"சேதம் எங்க சார்?"

"கம்பெனி ஆடிட்டுக்கே இப்டித்தான் சார் வெப்போம்" என்று பெருமையாக என் போனை நீட்டினேன். ஒவ்வொரு போட்டோவாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, ஆடிட்டராக வந்திருந்தால் முழு மார்க் போட்டிருப்பேன் என்றார். அவர் சிரிக்கவில்லை. பார்க்காத பொருளுக்கு எதை வைத்து எழுதுவது என்று மட்டும் கேட்டார்.

செல்வி அவரைப் பின்கட்டுக்கு அழைத்துப்போய்ச் சாக்கை விலக்கினாள். மிஷின், மோட்டார், சேற்றோடு அப்படியே இருந்தன. என் கண்ணில் படாமல் ஒளித்து வைத்திருக்கிறாள். "இத்த மட்டும் அவரு கழுவல சார்" என்றாள். சர்வேயர் குனிந்து படமெடுக்க ஆரம்பித்தார்.

மிஷினுக்குப் பணம் வந்தது. ஃபிரிட்ஜுக்கும் ஷீட்டுக்கும் வரவில்லை. என் சம்பளத்தில்தான் கூரை போட்டோம், இந்த முறை கம்பி கட்டி. இப்போது மழைக்காலத்துக்கு முன்னால் செல்வி ஒவ்வொரு சாமானையும் போட்டோ எடுத்து நித்யாவுக்கு அனுப்பிவிடுகிறாள். கால்வாய் அடைப்பை எடுப்பது என் வேலை.

போன மாதம் நித்யாவைப் பெண் பார்க்க வந்தார்கள். காலையிலேயே துடைப்பத்தோடு முன்னறைக்குள் நுழைந்தேன். செல்வி மிஷினை நிறுத்திவிட்டு, நிமிர்ந்தும் பார்க்காமல் கேட்டாள்:

"இன்னாயா, சர்வேயரு வராரா?"