மாப்பிள்ளை ஏரியில் கட்டிய கம்பி

மாப்பிள்ளையிடம் பேசக் கூச்சப்படும் மாமியார், அவர் எதைக் கேட்டாலும் எடுத்துக் கொடுத்துவிடுவாள். எதற்கு என்று கேட்க வாய் வராதே! நானும் அப்படித்தான் கொடுத்தேன்.

மகள் கல்யாணமான பிறகு மாப்பிள்ளை முதல் தடவையாகப் பழவேற்காட்டுக்கு வந்திருந்தார். கூடவே ஒரு ரேடியோப் பெட்டி. லைசென்ஸ் வாங்கி வெளிநாட்டுக்காரர்களோடு பேசுகிற ரேடியோவாம். உப்புத் தண்ணீர்மேல் நீளமாகக் கம்பி கட்டினால் ரொம்ப தூரம் எட்டுமாம்.

"நாலஞ்சு கழி கிடைக்குமா அத்தை?"

கதவுக்குப் பின்னால் நின்றபடியே, வீட்டுக்காரர் வலை கட்டும் கழிகளைக் காட்டினேன். (நுனியில் எங்கள் குடும்ப அடையாளமாகச் சிவப்புத் துணி. அதை அவிழ்க்கத் தோன்றவில்லை, மகா புத்திசாலி!)

எங்கள் ஏரியில் மீன்பிடிக்கும் இடத்துக்குக் குடும்பம் குடும்பமாக முறை உண்டு. முறையில்லாத நாளில் கழி நட்டால் அடுத்த முறை போய்விடும். அன்று எதிர்வீட்டு முறை. மறுநாள் எங்களுடையது, அதுவும் இறால் ஓடுகிற நேரம். வீட்டுக்காரரோ பொன்னேரிக்குப் போயிருந்தார். இதெல்லாம் தெரியாத மாப்பிள்ளை கழிகளை ஏரியில் நட்டுக் கம்பியைக் கட்டிவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டுக்காரர் கத்திக்கொண்டே வந்தார். "இன்னாக்கா, எங்க முறையன்னிக்கு ஒங்க ஊட்டுக் கழி இன்னாத்துக்கு நிக்குது?"

கரைக்கு ஓடினால் ஊர்த்தலைவரே நிற்கிறார். மாப்பிள்ளையோ தூரத்துக் கொட்டகையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, காதில் ஹெட்போனோடு, தந்தி அடிக்கிற மாதிரி டக்டக்கென்று பெட்டியில் தட்டிக்கொண்டிருந்தார்.

"வல கட்டல மாமா. வேணும்னா தொட்டுப் பாருங்க" என்றேன். ஊர் ஆண்கள் முன்னால் நான் வாய் திறந்ததே அன்றுதான். (திறக்காமலே இருந்திருக்கலாம்.)

தலைவர் தண்ணீரில் இறங்கிக் கடைசிக் கழிவரை துழாவினார். வலை இல்லை. "இது இன்னாது?" என்று கம்பி நுனியைப் பிடித்தார்.

"ஐயோ!"

வேட்டியோடு மல்லாக்க விழுந்தார். (பெட்டி வேலை செய்யும்போது கம்பி நுனி சுரீரென்று சுடுமாம். மகள் அப்புறம் சொன்னாள்.) முறை மட்டுமா, ஊரைவிட்டே தள்ளிவைப்பார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

தலைவர் சேறு வழிய எழுந்து விரலை ஊதினார். "அடப் போங்கடா! இது மீனப் புடிக்காது, ஆளத்தான் புடிக்குது. கழியப் புடுங்கிடும்மா. நாளிக்கு ஒங்க முறை ஒங்களுக்குத்தான்."

கரையே சிரித்தது. எனக்கு மூச்சு வரத்தான் நேரமாயிற்று.

இன்றைக்கும் மாப்பிள்ளை வந்தால் ஊரில் ஒருத்தரும் அவருக்குக் கை கொடுப்பதில்லை. நாலடி தள்ளி நின்று கும்பிடுகிறார்கள். "அத்தை ஊர்ல மரியாதைன்னா அப்படியொரு மரியாதை" என்று அவர் மெட்ராஸெல்லாம் சொல்லித் திரிகிறாராம். மகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள். நானாவது அவரிடம் விஷயத்தைச் சொல்லலாம். கூச்சமாக இருக்கிறது.