மச்சினன் கேட்ட மன்னிப்பு

என் மச்சினன் என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டான். அதோடு என் புத்தகம் நின்றுபோனது.

மன்னிப்புக் கேட்டால் மனசு லேசாகுமே என்பீர்கள். உங்களுக்கென்ன, நீங்கள் புத்தகம் எழுதவில்லை. எழுதுகிறவனுக்கு உள்ளே ஏதாவது எரிந்துகொண்டே இருக்கவேண்டும். சிலருக்கு அது காதல். சிலருக்கு மழை, நிலா. எனக்கு மச்சினன்.

நான் ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டியவன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதன்பிறகு காலமெல்லாம் மேலே போனேன், கீழே வந்தேன். எங்கும் போய்ச் சேரவில்லை. ஏறுகிறவர்கள் பாதிக் கதை பேசுவார்கள். சுவாரசியமான மீதியை அவர்கள் மாடியில் இறங்கிப் பேசிக்கொள்வார்கள். கதவைத் திறந்துவிட்டவனுக்கு ஒரு தலையாட்டல்கூடக் கிடையாது. யார் யார் ஆட்டவில்லை என்பது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஓய்வு பெற்ற அன்று, நான் உட்கார்ந்து தேய்த்த முக்காலியையே எனக்குப் பரிசாகக் கொடுத்து அனுப்பினார்கள். அதையும் மறக்கவில்லை.

அந்த முக்காலியை வீட்டில் எங்கே போடுவது? சமையலறையில் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. போட்டு உட்கார்ந்தேன். மனைவி பால் எடுக்க வந்தால் நான் கதவைத் திறப்பேன். மேல் தட்டா, கீழ்த் தட்டா என்று கேட்பேன். எடுத்ததும் மூடுவேன். கையில் தக்காளியோடு அவள் நின்று யோசித்தால், வழியை மறிக்க வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்வேன். வீட்டுக்கு ஒத்தாசையாக இருக்கிறோம் என்றுதான் நினைத்தேன். அவள் ஒன்றுமே சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லவில்லை என்றால் ஏதோ செய்யப்போகிறாள் என்று அர்த்தம். இத்தனை காலம் குடும்பம் நடத்தியும் அது எனக்கு உறைக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மச்சினன் வந்தான். என் மனைவியின் தம்பி. மருந்துக் கடையில் வேலை. மருந்து வாங்க வருகிறவன் இருமினால் இவன் கண் கலங்கும். அப்படிப்பட்ட ஆள், மகளும் மருமகனும் உட்கார்ந்திருக்க, சாப்பாட்டுக்கு நடுவில் கேட்டான்.

"மாமா, சம்பளம் வாங்கறப்ப போட்ட கையெழுத்தைத் தவிர வாழ்க்கையில வேற ஏதாவது எழுதியிருக்கீங்களா?"

மருமகன் தண்ணீர் குடிக்கிற சாக்கில் சிரித்தான். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் ஒரு கட்டுக் காகிதம் வாங்கினேன். முக்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னறை ஜன்னலுக்குப் போனேன். என் வாழ்க்கையை எழுதி, அச்சுப் போட்டு, அவன் மடியில் பொத்தென்று வைப்பது என்று முடிவு செய்தேன். லிஃப்டில் ஏற்றியவர்களை எல்லாம் ஒவ்வொருவராகக் காகிதத்தில் இறக்கினேன். ஈரக் குடையை என் காலில் சொட்டவிட்டபடி நின்றவர். என்னைக் கண்ணாடி என்று நினைத்து என் முன்னால் தலை வாரியவர். கை ஓய்ந்து, கண் எரிந்து, போதும் என்று தோன்றும்போதெல்லாம் மச்சினன் முகத்தை நினைப்பேன். பேனா தானாக ஓடும். முடிக்காமல் விட்டால் அவன் சொன்னதுதானே நிஜமாகும்?

பாதிப் புத்தகம் தாண்டியிருந்தேன். அப்போதுதான் அந்தப் பாவி பழக்கூடையோடு வந்து மன்னிப்புக் கேட்டான். பேசியதிலிருந்து தூக்கமே இல்லையாம். மருந்தை மாற்றிக் கொடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறதாம். என்னால் ஆனமட்டும் முகத்தை இறுக்கி வைத்திருந்தேன். பழம் நன்றாக இனித்தது. மன்னித்துத் தொலைத்தேன்.

மறுநாள் உட்கார்ந்தால் ஒரு வரி வரவில்லை. பேனாவை உதறினேன். முக்காலியைத் திருப்பிப் போட்டேன். மச்சினன் முகத்தை நினைத்தால் பழம்தான் ஞாபகத்துக்கு வந்தது. சரி, குடைக்காரரை நினைப்போம் என்றால், பாவம், அவருக்கும் அன்றைக்கு என்ன அவசரமோ என்று தோன்றியது. அப்போதே தெரிந்துவிட்டது, நான் முடிந்தேன் என்று.

முக்காலியோடு ஃப்ரிட்ஜுக்குத் திரும்பினேன். மனைவி வந்தாள். மேல் தட்டா என்றேன். என்னைப் பார்த்தாள், முக்காலியைப் பார்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, ஃபோனோடு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வந்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பிக்கிற குரலில் ஆரம்பித்தான்.

"மாமா, நீங்க எழுதறதை யாரு படிக்கப் போறா. பழைய பேப்பர்க்காரன்கூட..."

நின்றுவிட்டான். விட்டத்தைப் பார்த்தான். சமையலறைக்குள் கரண்டி பாத்திரத்தில் ஒரு தட்டுத் தட்டியது.

"பழைய பேப்பர்க்காரன்கூட எடை போட யோசிப்பான்."

ஆகா, எனக்குள் பற்றிக்கொண்டது. எத்தனை நாளாயிற்று. பேனாவைத் தேடி எழுந்தேன். அப்போது அவன் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்து மெதுவாகக் கேட்டான்.

"அக்கா, அவ்வளவுதானா, இன்னும் இருக்கா?"

மனைவி கரண்டியோடு வெளியே வந்தாள். முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை.

"கட்டின புருஷனை ஆள் வெச்சுத் திட்டறியா?" என்றேன்.

"வெளி ஆளா வெச்சேன்? என் தம்பிதானே."

"நீ இப்படிச் செய்வேன்னு நான் நினைக்கவே இல்லை."

"நான் என்ன பண்ணட்டும். நல்லா எழுதிக்கிட்டிருந்தீங்க, சமையக்கட்டுல நிம்மதியா ரெண்டு பாத்திரம் கழுவினேன். இவன் போய் மன்னிப்பு கேட்டு எல்லாத்தையும் கெடுத்துட்டான்."

'எல்லாத்தையும்' என்ற சொல் எனக்கு இடித்தது. மெல்ல உட்கார்ந்தேன்.

"அப்ப, அந்தக் கையெழுத்துப் பேச்சு?"

"அதை மட்டும்தான் திக்காம சொன்னான். ஒரு வாரம் பழக்கினேன்."

"கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பார்த்தேன் மாமா," என்றான் மச்சினன். "ஒவ்வொரு தடவையும் கண்ணாடிகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டேன்."

எத்தனையோ பகையை வளர்த்திருக்கிறேன். எல்லாவற்றிலும் கொழுத்தது இதுதான். அதுவும் என் வீட்டு அடுப்பிலேயே சமைத்துப் பரிமாறியது என்றால் மனுஷன் எங்கே போய் முட்டிக்கொள்வது? இனி ஒரு எழுத்து எழுத மாட்டேன் என்று அறிவித்தேன். உயிர் உள்ளவரை ஃப்ரிட்ஜ் பக்கம்தான். நீயாச்சு, உன் தக்காளியாச்சு.

அவள் பதறவில்லை.

"கோபமா இருக்கீங்களா?"

"இருக்காதா பின்னே?"

"யார் மேல?"

"உன் மேலதான். வேற யார் மேல?"

"எவ்வளவு இருக்கும்?"

"சொல்லி மாளாது."

"அப்ப சொல்லாதீங்க." முக்காலியை ஒரு கையால் தூக்கிக்கொண்டு போய் ஜன்னலோரம் போட்டாள். "எழுதுங்க."

எழுதினேன். நீங்கள் இதுவரை படித்தது அதைத்தான். எழுதி முடித்ததும், இனி இவள் தலைநிமிர முடியாது என்ற எண்ணத்தில் அவளிடமே படிக்கக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள். எழுத்துப் பிழைகளைத் திருத்தினாள். தன்னைத் திட்டுகிற இடம் மட்டும் சப்பென்று இருக்கிறது, இன்னும் கொஞ்சம் காரம் வேண்டும் என்று திருப்பிக் கொடுத்தாள்.

அவள் காட்டிய இடத்திலெல்லாம் சேர்த்திருக்கிறேன்.