அப்பாவின் ஜீப்பில் பதினான்கு சொத்தை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த விஷயத்தில் நான் நடுநிலை வகிக்கவில்லை. நடுநிலை என்பது வீட்டில் ஷெட் காலியாக இருப்பவர்கள் பேசுகிற பேச்சு. எங்கள் ஷெட்டில் மூன்று வருடமாக ஒரு ஜீப் இருக்கிறது. என் வயதைப் போல இரண்டு மடங்கு அதற்கு. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும், எந்த மலையையும் முட்டி ஏறும் என்பார் அப்பா. மூன்று வருடத்தில் அது ஏறியது நாலு செங்கல் அடுக்கின் மேல் மட்டும்தான்.

அந்த ஷெட் அம்மாவுக்கு வேண்டும். அம்மா பல் டாக்டர். பதினோரு வருடமாக இன்னொருவருடைய கிளினிக்கில் வேலை. வாசல் பலகையில் அவர் பெயர், உள்ளே அம்மாவின் முதுகுவலி. ஷெட்டில் ஒரு நாற்காலி போட்டுச் சொந்தமாகத் தொடங்கலாம் என்று கேட்கும்போதெல்லாம் அப்பா ஒரே பதில்தான் சொல்வார்: "வண்டி முடியட்டும்."

இதைவிட அநியாயமான வாக்கியத்தை நான் கேட்டதில்லை. முடியவே முடியாத ஒன்றை முடியட்டும் என்றால் அது மறுப்பா, வாக்குறுதியா? அப்பாவிடமே கேட்டேன். "சாப்பிடும்மா, ஆறிடும்" என்றார்.

நான் விடவில்லை. தினமும் கேட்டேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கையில் பெயின்ட் டப்பாவோடு வந்து கூடத்தின் நடுவில் நின்று அறிவித்தார்.

"இந்த மாசக் கடைசிக்குள்ள வண்டி ரெடி. ஆகலைன்னா ஷெட் உங்கம்மாவுக்கு. ஆயிட்டா, ஷெட்டுங்கிற வார்த்தையே இந்த வீட்ல யார் வாயிலயும் வரக்கூடாது."

"ரெடின்னு யாருங்க சொல்றது?" என்றாள் அம்மா.

"தெரிஞ்சவங்க."

"யாரு அந்தத் தெரிஞ்சவங்க?"

"இந்த ஊர்ல பழைய வண்டியைப் பத்தி என்னைவிடத் தெரிஞ்சவன் யாரு?"

இது வெட்டிப் பெருமை இல்லை. அப்பா இன்சூரன்ஸ் சர்வேயர். அடிபட்ட வண்டிகளைப் பார்த்து அறிக்கை எழுதுவது அவர் தொழில். அதாவது, சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறார். நேற்று பட்ட அடி என்று யாராவது காட்டினால், கீறலில் படிந்த தூசியைப் பார்த்து அது போன வருடத்து அடி என்று சொல்லிவிடுவார். ஊரில் பாதி மெக்கானிக்குகள் அவரைக் கண்டால் வேறு பக்கம் பார்ப்பார்கள்.

"அப்ப நீங்களே பார்த்து எழுத்துல குடுங்க. நீங்க எழுதினா அதுதான் முடிவு" என்றாள் அம்மா.

நான் கொதித்துவிட்டேன். "அம்மா! வழக்கும் இவரோடது, தீர்ப்பும் இவரோடதா? எந்த ஊர் நியாயம் இது?"

அம்மா என் காலை மிதித்தாள். மெதுவாக இல்லை.

என் கால் வீங்கிய அதே நேரத்தில் அப்பாவின் சந்தேகமும் வீங்க ஆரம்பித்தது. அன்று மாலை என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உங்கம்மா ஏன் உடனே ஒத்துக்கிட்டா?"

"எனக்கென்னப்பா தெரியும்?"

"இருபத்திநாலு வருஷத்துல அவ எதையுமே உடனே ஒத்துக்கிட்டதில்ல. கல்யாணத்தைக்கூட."

அன்றிலிருந்து வீட்டில் உளவுத்துறை ஆட்சி. அம்மா டீ கொண்டுபோய்க் கொடுத்தால் முதலில் என்னைக் குடிக்கச் சொன்னார். "வண்டி நல்லா வருதே" என்று அம்மா புகழ்ந்தால் அன்று முழுவதும் அவருக்கு வேலை ஓடவில்லை. ஆபீசுக்குப் போகும்போது ஷெட் கதவின் இரண்டு கொக்கிகளுக்கு நடுவே கறுப்பு நூல் ஒன்றைக் கட்டிவிட்டுப் போனார். யாராவது திறந்தால் அறுந்துவிடுமாம்.

அறுந்தது. முதல் நாள் மதியமே அறுத்துவிட்டு உள்ளே போனோம்.

ஜீப்புக்குச் சக்கரம் வந்திருந்தது. பச்சைப் பெயின்ட் பளபளத்தது. அம்மா தோற்றுவிடுவாளோ என்று எனக்கே ஒரு கணம் தோன்றியது. அம்மா ஃப்ரிட்ஜ் கதவிலிருந்து எடுத்து வந்த வாத்து பொம்மைக் காந்தத்தை பானெட்டில் வைத்தாள். ஒட்டியது. கதவின் கீழ்ப்பக்கத்தில் வைத்தாள். வாத்து நழுவித் தரையில் விழுந்தது.

"இங்க இரும்பு இல்ல, பட்டிதான் இருக்கு" என்றாள். "துரு தின்ன ஓட்டையில பட்டியை அப்பி, தேய்ச்சு, மேல பெயின்ட் அடிச்சிருக்கார். சொத்தையைச் சுரண்டாம அடைச்சு வச்ச மாதிரி. மேல சிரிப்பு, உள்ளே நாசம்."

"அப்பாவா? ஊரெல்லாம் இதே வேலையைப் பண்றவனைப் பிடிக்கிற அப்பாவா?"

"கத்தாதே. டார்ச்சைப் பிடி."

பிறகு அம்மா தன் பையைத் திறந்தாள். வாய்க்குள் விட்டுப் பார்க்கிற குட்டிக் கண்ணாடி, குத்திப் பார்க்கிற கொக்கி, நோயாளிகளுக்குக் குறிப்பெழுதுகிற அட்டை. வண்டிக்குக் கீழே மல்லாந்து படுத்தாள். "மேல் இடது, ரெண்டு. கீழ் வலது, பெருசு, ஆழம் அதிகம்." நான் எழுதினேன். வண்டியைத் தாங்குகிற அடிச்சட்டமான சேஸில், பின்சக்கரத்துக்கு மேலே கொக்கி கைப்பிடி வரைக்கும் உள்ளே போனது. அம்மாவின் முகத்தில் ஈறு பழுத்த நோயாளியைப் பார்க்கிற அதே வருத்தம்.

மொத்தம் பதினான்கு. கை நுழையாத இடங்களில் குட்டிக் கண்ணாடியை உள்ளே விட்டு, அதில் தெரிந்த துருவை என் போனில் படம் பிடித்தேன்.

வெளியே வந்ததும் அம்மா நூலை மறுபடி கட்டினாள். தினமும் நாலு ஈறுகளுக்குத் தையல் போடுகிற கை அது. மாலையில் அப்பா குனிந்து வெகுநேரம் முடிச்சையே பார்த்தார்.

"என் முடிச்சு முன்னைக்கு எவ்வளவோ தேவலை" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார்.

மாசக் கடைசிக்கு இரண்டு நாள் முன்பு, படங்களைத் தாளில் அச்சடித்துக்கொண்டு அம்மா அப்பாவின் எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, ஒரு உதவி. ஒரு பழைய ஜீப். ஓனர் துருவே இல்லைன்னு சாதிக்கிறார். எனக்கு நம்பிக்கை இல்ல. உங்க கண்ணால ஒரு தடவை பார்த்து எழுதிக் குடுங்களேன்."

"யாரோட வண்டி?"

"எங்கிட்ட பல்லு காட்டற ஆளுதான்."

கவனியுங்கள், இதில் ஒரு பொய்கூட இல்லை. அப்பாவின் கடைவாய்ப் பல்லை அம்மாதான் அடைத்தாள்.

உலகத்தில் எல்லாவற்றையும் சந்தேகிக்கிற மனிதர் தன்னை நிபுணர் என்று கூப்பிட்டால் மட்டும் சந்தேகிப்பதில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். பேனாவைத் திறந்தார். முதல் படத்திலேயே உதட்டைச் சுழித்தார்.

"அயோக்கியன்."

"யாருங்க?"

"இந்த ஓனர்தான். பட்டி எப்படி வழிஞ்சிருக்கு பாரு. இது தெரியாம செஞ்சதில்ல, திட்டம் போட்டு செஞ்சது. இவனை மாதிரி ஆளுங்களாலதான் ரோட்ல மத்தவன் சாகறான்."

குட்டிக் கண்ணாடியில் தெரிந்ததை எடுத்த படங்கள் என்பதால் இடது வலதாகியிருந்தது. அதனால் தன் வண்டி அவருக்கே அடையாளம் தெரியவில்லை. ஆனால் ஏழாவது படத்தில் அவர் விரல் நின்றது.

"இந்த நீல வாளி... எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே."

"எல்லார் வீட்லயும் வாளி இருக்கும்பா" என்றேன் நான்.

"விளிம்பு உடைஞ்ச வாளி?"

"எல்லார் வீட்லயும் உடையும்."

என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்குள் அம்மா, "சேஸைப் பத்தி ஒரு வரி எழுதிடுங்க, அதுல உங்களை அடிச்சுக்க ஆளில்ல" என்றாள். வாளி மறந்துவிட்டது.

இரண்டு பக்கம் எழுதினார். எங்கள் இருவருக்கும் உரக்கப் படித்தும் காட்டினார். 'மேற்படி வண்டி சாலையில் ஓடத் தகுதியற்றது. துரு, வாங்குபவரை ஏமாற்றும் நோக்கத்துடன் மறைக்கப்பட்டுள்ளது. உரிமையாளரின் வாய்மொழியை நம்ப இயலாது.' கையெழுத்து. கீழே ரப்பர் ஸ்டாம்ப், ஒன்றுக்கு இரண்டாக.

"நன்றிங்க" என்று அம்மா அதை வாங்கி மடித்தாள். "நாளைக்கே நாற்காலிக்குச் சொல்லிடறேன். ஷெட்டை எப்பக் காலி பண்றீங்க?"

அப்பாவுக்குப் புரிய எவ்வளவு நேரம் ஆனது என்று நான் எண்ணவில்லை. சுவரில் ஒரு பல்லி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்ச் சேர்ந்தது.

"மோசடி!" என்று எழுந்தார். "உண்மையை மறைச்சு எழுதி வாங்கியிருக்கீங்க! இது செல்லாது!"

"மறைச்சதைப் பத்தி நீங்க பேசலாமாப்பா?" என்றேன். மூன்று வருடமாகச் சேர்த்து வைத்த வாதம் முழுவதும் தொண்டைக்கு வந்தது. அம்மா கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். அறிக்கையோடு குறிப்பட்டை, கொக்கி, வாத்துக் காந்தம் எல்லாவற்றையும் மேஜையில் பரப்பினாள்.

"சரிங்க. உங்களுக்கு இஷ்டமில்லைன்னா விட்டுடலாம். இந்த அறிக்கை தப்பு, நான் பார்த்தது பிசகுன்னு கீழ ஒரு வரி எழுதுங்க. ஷெட்டை நீங்களே வச்சுக்கலாம். இனி நான் கேட்கவே மாட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பதினோரு வருட முதுகுவலியை ஒரு வரிக்கு விற்கிறாளே! அப்பா அறிக்கை, பேனா, ஸ்டாம்ப் மூன்றையும் எடுத்துக்கொண்டு, வாத்தையும் எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனார். உள்ளே டொக் டொக் என்று தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு சத்தமே இல்லை. நான் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

அரை மணி கழித்து வந்தார். கையெல்லாம் பச்சைத் தூள். அறிக்கையை மேஜையில் வைத்தார்.

"முப்பது வருஷத்துல நான் எழுதின ஒரு அறிக்கையையும் திருப்பி வாங்கினதில்ல" என்றார். "இதையும் வாங்க முடியாது. ஏன்னா எல்லாமே சரி."

கீழே புதிதாக ஒரு வரி இருந்தது. நான் படித்தேன். 'கூடுதல் கண்டுபிடிப்பு: ஓட்டுநர் இருக்கையின் அடியில், ரப்பர் விரிப்புக்குக் கீழே, உள்ளங்கை அளவு ஓட்டை.' அதன் பக்கத்தில் இன்னொரு ஸ்டாம்ப்.

"உன் அட்டையில பதினாலுன்னு எழுதியிருக்கே. மொத்தம் பதினஞ்சு" என்றார் அம்மாவிடம். ஷெட் போன துக்கத்திலும் அவர் நெஞ்சு ஒரு அங்குலம் நிமிர்ந்தது. "உன் கொக்கிக்கு இது சிக்கல, பார்த்தியா?"

அம்மா தலையைத் தூக்காமல் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

"அன்னிக்கே பார்த்தேங்க. கண்டுபிடிக்க உங்களுக்கும் ஒண்ணு இருக்கட்டுமேன்னு விட்டு வச்சேன்."