குடை நானாவின் வானிலை அறிக்கை

அன்றைக்கு லொறிக்குப் பக்கத்தில் நின்றவர்கள் மொத்தம் ஆறு பேர். நான், என் தங்கச்சி சரசு, அவளுக்குக் காலையில்தான் தாலி கட்டியிருந்த மாப்பிள்ளை தியாகு, தியாகுவின் அம்மா, பசறைத் தபால் மாஸ்டர், குடை நானா. டிரைவரையும் சேர்த்தால் ஏழு. ஆனால் அவர் கல்யாணச் சாப்பாட்டின் மயக்கத்தில் ஸ்டியரிங்கில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். சாட்சிக்கு ஆகமாட்டார்.

இவ்வளவு சரியாக எண்ணிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. குடை நானா "மழை வரும்" என்று வாய் திறந்து சொல்லி நாங்கள் கேட்டது அந்த ஒரே தடவைதான். இலங்கை மலைநாட்டில், எங்கள் ஊவா மாகாணத்திலேயே மழையைப் பற்றி அவரைவிடத் தெரிந்த ஆள் கிடையாது. மழையைப் பற்றி அவரைவிடப் பொய் சொன்ன ஆளும் கிடையாது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பசறை பஸ் ஸ்டாண்டில் வெற்றிலைக் கடைக்கும் ஒரு மதிலுக்கும் இடையில் பலகைப் பெட்டி ஒன்றைப் போட்டுக்கொண்டு நானா குடை திருத்துவார். தலைக்கு மேலே ஒரு கம்பியில் குடைகள் வௌவால் மாதிரித் தொங்கும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்ட நான், எதிரே இருந்த இரும்புக் கடையில் ஆணி நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். முஸ்லிம் பெரியவர்களை எங்கள் பக்கம் நானா என்றுதான் கூப்பிடுவோம்; அவருடைய உண்மைப் பெயர் எனக்குத் தெரியாது. கேட்கவேண்டும் என்று தோன்றியதும் இல்லை. குடையும் நானாவும் சேர்ந்தால் போதாதா?

எங்கள் பக்கம் ஐப்பசி பிறந்துவிட்டால் தை முடியும்வரை யாரும் யாரையும் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்கமாட்டார்கள். "அங்கிட்டு மழையா?" என்றுதான் கேட்பார்கள். மடுல்சீமை பஸ்ஸிலிருந்து இறங்குபவர்கள் நனைந்த கோழிகளாக இறங்குவார்கள். அதே நேரம் பதுளை பஸ்ஸிலிருந்து இறங்குபவர்கள் விசிறிக்கொண்டு இறங்குவார்கள். காலையில் தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் கல்லாக உறைந்திருக்கும். அடுப்போரம் வைத்துத் தாஜா பண்ணினால்தான் தலைக்கு இறங்கும். மூடுபனி பஸ் ஸ்டாண்டுக்குள்ளேயே வந்து நின்றுவிடும். எது எந்த பஸ் என்று தெரியாமல் கொண்டக்டர்களின் குரலைப் பிடித்துக்கொண்டுதான் ஏறவேண்டும்.

இந்தச் சீதோஷ்ணத்தில் என்னைப் போலப் பயந்த சுபாவம் உள்ளவன் எப்படிப் பிழைப்பது? வானம் கறுத்தால் மண் சரியுமோ என்று பயம். வெளுத்தால் அடுத்து கறுக்குமே என்று பயம். ஊரில் இரண்டு வானிலை நிலையங்கள் இருந்தன. ஒன்று, தபால் மாஸ்டரின் சட்டைப்பையில் இருந்த சின்ன ரேடியோ. அவர் யாழ்ப்பாணத்துக்காரர். ரேடியோ சொன்னால் அவருக்கு அது அரசாங்கக் கடிதம் மாதிரி. இன்னொன்று நானா.

"இண்டைக்குப் பின்னேரம் ரெண்டு மணிக்குப் பிறகு ஊவாவில மழை பெய்யக்கூடும் எண்டு சொன்னவங்கள்" என்பார் மாஸ்டர்.

"மாஸ்டர், அந்தப் பெட்டிக்கு ஜன்னல் ஈக்கா, வெளிய எட்டிப் பாக்க?" என்பார் நானா.

"உமக்கு ஜன்னல் இருக்கோ?"

"எனக்குச் சுவரே இல்லியே!"

"அப்ப நீர் சொல்லும் பாப்பம்."

"வராது."

எந்த நாள் கேட்டாலும் பதில் அதுதான். வராது. தலையில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருக்கும்போது கேட்டாலும் வராது. அதற்கு ஒரு கதை உண்டு. தொழில் தொடங்கிய புதிதில் ஒருநாள் வானத்தைப் பார்த்துவிட்டு "பெருமழ ஒண்டு ஈக்கி" என்று சொல்லிவிட்டாராம். ஊரே குடையைத் திருத்தக் கொடுத்தது. அதற்குப் பிறகு எட்டு நாள் வெயில் காய்ந்தது. "நானா வயித்துப் பொழப்புக்கு மழையக் கூப்புடுறாரு" என்று எவனோ ஒருவன் சிரித்திருக்கிறான். அந்தச் சொல் அவருக்குள் முள்ளாகத் தைத்துவிட்டது. குடைக்காரன் வாயால் இனி மழை என்ற பேச்சே வராது என்று அன்றைக்கு முடிவு செய்தவர்தான்.

வாய்தான் பொய் சொல்லும். கை சொல்லாது. சுள்ளென்று வெயில் அடிக்கும் காலையில், வெறுங்கையோடு பஸ் ஏறப் போகும் டீச்சரைக் கூப்பிடுவார். "டீச்சர், இந்தக் குடைய ஒரு நாளைக்குக் கொண்டு போங்க. புதுக் கம்பி போட்டீக்கி. விரிச்சுப் பாத்துச் செல்லுங்க."

"மழை வருமா நானா?"

"சேச்சே! வராது."

இரண்டு மணிக்கு மழை பிளந்துகொண்டு கொட்டும்.

ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு சாக்கு. "இது இங்க எடத்த அடைக்குது, நாளைக்குக் கொண்டாந்து தாங்க" என்பார். "இதுக்குச் சொந்தக்காரன் வந்தா சண்டை புடிப்பான், கொஞ்சம் ஒளிச்சு வைங்க" என்பார். எல்லாம் ஆட்கள் திருத்தக் கொடுத்துவிட்டு மறந்துபோன குடைகள். போகப் போக ஊருக்கே விளங்கிவிட்டது: நானாவின் வாயைக் கேட்கக்கூடாது, கையைப் பார்க்கவேண்டும். பஸ் கூரையில் மூட்டைகளுக்குத் தறப்பாள் கட்டுவதா வேண்டாமா என்று கொண்டக்டர்மார்கூட, அன்று காலை நானா எத்தனை குடை கொடுத்தார் என்று விசாரித்துத்தான் முடிவெடுப்பார்கள்.

இன்னொரு கிறுக்கும் இருந்தது. குடைகளில் ஆட்களின் பெயர் எழுதமாட்டார். சின்ன அட்டையில் அடையாளம் எழுதிக் கட்டிவிடுவார். "மூக்கால பேசுற வாத்தியார்." "ரெண்டு பொஞ்சாதி கங்காணி." தபால் மாஸ்டரின் குடையில் வெறுமனே "பெய்யக்கூடும்." என்னுடையதில் "ஆணிக்கடைப் பயந்தான்." கோபித்துக்கொண்டு கேட்டேன். "மகன், பேரு ஊர்ல பத்துப் பேருக்கு ஈக்கி. பயம் உங்களுக்கு மட்டுந்தானே ஈக்கி" என்றார்.

சரசுவின் கல்யாணத்துக்கு வருகிறேன். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். பொறுப்பு என் தலையில். மாப்பிள்ளை வீடு மடுல்சீமை. முதலில் கார்த்திகையில் நாள் வைத்தோம். நல்ல மழை, ரோட்டில் மண் சரிந்து, மாப்பிள்ளை வீட்டார் பாதி வழியில் திரும்பிப் போனார்கள். மாப்பிள்ளையின் அம்மா பஸ் ஸ்டாண்டுக்கே வந்து என்னிடம் சொன்னார்: "தம்பி, தையில வைங்க. அந்த நாளும் மழை, மண்ணுன்னு போச்சுன்னா மூணாவது தடவைக்கு நாங்க வர மாட்டோம். எங்க பக்கத்துலயும் பொண்ணு இருக்கு."

சரசு அன்றிரவு சாப்பிடவில்லை. அம்மா வேறு, "சின்னதுல பச்சரிசியத் திங்காதடி, கல்யாணத்துல மழை கொட்டும்னு தலையால அடிச்சுக்கிட்டேன், கேட்டாளா?" என்று அவளைக் கரித்துக்கொட்டினாள்.

கையில் இருந்த காசுக்கு ஒன்றுதான் முடியும். பதுளையிலிருந்து பெரிய தறப்பாள் வாடகைக்கு எடுக்கலாம். அல்லது மாப்பிள்ளை வீட்டார் ஆசைப்பட்ட ஸ்பீக்கர் செட் எடுக்கலாம். மழை என்றால் தறப்பாள், வெயில் என்றால் பாட்டு. கல்யாணத்துக்கு முதல் நாள் காலை மாஸ்டரைக் கேட்டேன். "பெய்யக்கூடும்" என்றார். எட்டு நாளாக ரேடியோ அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது. எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு "கூடும்" என்பதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை. நானாவிடம் ஓடினேன்.

"நானா, நாளைக்குத் தங்கச்சி கல்யாணம்."

"தெரியுந்தானே. கார்டு தந்தீங்களே."

"மழை வருமா?"

"வராது."

அதை விடுங்கள். நான் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நானா ஒரு கம்பியை வளைத்தார். ஊசியில் நூல் கோத்தார். மேலே தொங்கிய குடைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். எதையும் இறக்கவில்லை. அரைமணி நேரம் நின்றேன்.

"என்ன மகன், கையையே பாத்துட்டு நிக்கிறீங்க? மோதிரம் கீதிரம் போடப் போறீங்களா?"

"ஒண்ணுமில்ல நானா!" என்று துள்ளிக்கொண்டு போய் ஸ்பீக்கர் செட்டுக்கு முன்பணம் கட்டினேன்.

நானா எனக்கு ஒருநாளும் குடை கொடுத்ததில்லை. கொடுக்கவேண்டிய தேவை இருந்ததில்லை. வெயிலோ மழையோ, என் கக்கத்தில் எப்போதும் ஒரு குடை இருக்கும். அன்றைக்கும் இருந்தது. குடையோடு நிற்கிறவனுக்கு எவனாவது குடை கொடுப்பானா? இந்த ஒரு சின்ன விஷயம் என் மூளைக்குள் ஏறவில்லை.

ஏறியது விடியற்காலை ஐந்து மணிக்கு. எங்கள் தோட்டத்து லய வீட்டுத் தகரக் கூரையில் மழை பறையடித்தது. அம்மா என்னையே பார்த்தாள். சரசு யாரையும் பார்க்கவில்லை. உரப்பையைப் போர்த்திக்கொண்டு ஸ்பீக்கர், சளி பிடித்தவன் மாதிரிப் பாடிக்கொண்டிருந்தது.

மெயின் ரோட்டிலிருந்து எங்கள் மாரியம்மன் கோயிலுக்குத் தேயிலைக்குள்ளால் ஒரு மைல் இறங்கி நடக்கவேண்டும். ஏழரைக்கு மாப்பிள்ளை வீட்டு லொறி ரோட்டில் வந்து நின்றது. முப்பதுக்கு மேல் ஆட்கள், பட்டும் வேட்டியுமாக உள்ளே ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள். முகூர்த்தம் ஒன்பதரை வரைக்கும்தான்.

"நாங்க எறங்க மாட்டோம் தம்பி" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "மாப்புள கழுத்து வரைக்கும் சேத்தோட மணவறையில உக்காரவா? ஒன்பது மணி வரைக்கும் பாப்போம். விடலைன்னா லொறியத் திருப்பிருவோம். அவ்வளவுதான்."

எட்டே காலுக்குப் பசறை பஸ் வந்து நின்றது. முதலில் ஒரு உரப்பை இறங்கியது. பிறகு இன்னொன்று. அவற்றின் பின்னால் தபால் மாஸ்டர், அவருக்குப் பின்னால் குடை நானா. மூட்டைகளைப் பிரித்தார். முப்பத்தேழு குடைகள்.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "நானா, மழை வரும்னு நேத்தே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"மழையா? எங்க மழை?" தாடியிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. "இது பனி மகன். கொஞ்சம் தடிப்பா விழுது."

குடைகள் கைமாறின. கனவு மாதிரி இருந்தது. அப்போதுதான் மாப்பிள்ளையின் அம்மா தன் கைக்கு வந்த குடையில் தொங்கிய அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "எனக்கு வாசிக்க வராது. இதுல என்னங்கய்யா எழுதியிருக்கு?" என்று மாஸ்டரிடம் நீட்டினார். கடிதம் என்றால் உள்ளதை உள்ளபடி வாசித்தே பழகிய மனுஷன் சத்தமாக வாசித்தார்:

"வாய் ஓயாத பொம்புள."

எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. சும்மா சொல்லவில்லை, வந்தேவிட்டது.

"அம்மா, அது என்ட பொஞ்சாதிட குடை" என்றார் நானா, பதறாமல். "தெரியாம எடுத்திட்டு வந்திட்டேன். இத இங்க வாசிச்ச விஷயம் அவளுக்குத் தெரிஞ்சா என்ன ஊட்டுக்குள்ள எடுக்க மாட்டா."

மாப்பிள்ளையின் அம்மா அவரை ஒருகணம் முறைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "எங்க வீட்டுக்காரரு உயிரோட இருந்தா அவரும் இப்பிடித்தான் நானா எழுதி வச்சிருப்பாரு! எறங்குங்க எல்லாரும், நேரமாகுது!" (அது உண்மையில் யாருடைய குடை என்று எனக்குத் தெரியும். அவர் இன்றும் பசறையில் சுகமாக இருக்கிறார். சொல்லமாட்டேன்.)

பச்சைத் தேயிலைக்குள்ளால் கறுப்புக் குடைகள் வரிசையாக இறங்கின. வழியில் லயத்து ஆட்கள், "ஏய், அது என் குடை! ரெண்டு வருஷத்துக்கு முன்ன திருத்தக் குடுத்தது!" என்று நனைந்துகொண்டே கூட ஓடிவந்தார்கள். "திருத்துன கூலியக் குடுத்திட்டு எடுங்க!" என்று நடந்தபடியே வசூலும் பார்த்தார் நானா. ஒன்பது இருபதுக்குச் சரசு கழுத்தில் தாலி ஏறியது.

பின்னேரம் வானம் துடைத்துவிட்ட கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. மேலே ரோட்டில் லொறி புறப்பட நின்றது. முதலில் சொன்ன அந்த ஆறு பேரும் அங்கேதான் நின்றோம். நானா உரப்பையின் அடியில் கையை விட்டு ஒரு குடையை எடுத்தார். மெரூன் நிறத்தில் புதுத் துணி, மரப்பிடி. அதில் அட்டை கிடையாது.

"மகள், இத வச்சுக்கங்க."

"அய்யோ, வேணாம் நானா. வானம் வெளுத்துப் போச்சே. ஏற்கனவே எவ்வளவோ செஞ்சிட்டீங்க."

"வெயிலு கொளுத்துதே, எதுக்குங்க?" என்றார் மாப்பிள்ளையின் அம்மாவும்.

நானா வழக்கம்போல ஒரு சாக்குத் தேடினார். புதுக் கம்பி என்று சொல்லலாம். இடத்தை அடைக்கிறது என்று சொல்லலாம். மடுல்சீமைக்குப் போகிற பெண்ணிடம் நாளைக்குக் கொண்டுவந்து தாங்க என்று எப்படிச் சொல்வது? வாயைத் திறந்தார், மூடினார். ஒரு பொட்டு மேகம் இல்லாத வானத்தை அண்ணாந்து பார்த்தார்.

"மழை வரும்" என்றார்.

மாஸ்டர் பழக்கதோஷத்தில் சட்டைப்பையிலிருந்த ரேடியோவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நான் வானத்தைப் பார்த்தேன். சரசு மறுபேச்சுப் பேசாமல் குடையை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு இருபத்திரண்டு நாள் ஒரு துளி விழவில்லை. மடுல்சீமை ரோட்டில் செம்புழுதி பறந்தது. "நானா, உம்மட அறிக்கையும் பிழைச்சுப் போச்சுது கண்டீரோ!" என்று மாஸ்டர் சீண்டினார்.

"நான் எங்க செல்லின?" என்றார் நானா, அப்படிச் சொல்லவே இல்லாதவர் போல, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சில வருடங்கள் கழித்து, இரண்டாயிரம் பிறந்த பிறகு, அந்தக் குடையின் பிடி உடைந்துபோய் சரசு என்னிடம் கொடுத்தனுப்பினாள். நானா பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். எந்தக் குடைக்கும் செலவழிக்காத நேரம் செலவழித்துப் பிடியை ஒட்டினார். எவ்வளவு என்று கேட்டேன். "பதினஞ்சு" என்றார். நான் சட்டைப்பையைத் தடவினேன்.

"இப்ப வேணாம் மகன். அடுத்த மழைக்குத் தாங்க."

அது மாசி மாதம். அடுத்த மழைக்காலம் ஐப்பசியில்தான் வந்தது. அதற்குள் பஸ் ஸ்டாண்டை உடைத்துப் புதிதாகக் கட்டினார்கள். வெற்றிலைக் கடையும் இல்லை, பலகைப் பெட்டியும் இல்லை. மகளின் ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள். எந்த ஊர் என்று ஒருவருக்கும் சரியாகத் தெரியவில்லை. பெயர்கூடத் தெரியாத மனுஷரை எங்கே போய் விசாரிப்பது?

நான் இப்போது கொழும்பில். இங்கே மழை மலையிலிருந்து இறங்கி வருவதைப் பார்க்க முடியாது; திடீரென்று தலையில்தான் விழும். கைப்பேசியில் மேகப் படம் போட்டு, மழைக்கு நூற்றுக்கு அறுபது வீதம் என்று காட்டுகிறது. பயந்தவனுக்கு அது "கூடும்" என்பதைவிடக் கொடுமை. கக்கத்தில் இன்றும் குடை இருக்கிறது. ஆனால் மார்கழிக் காலைகளில் வானம் இருண்டால் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு, வெறுங்கையோடு பஸ் நிறுத்தத்தில் கொஞ்ச நேரம் நிற்பேன். யாராவது கூப்பிட்டு, மழை வராது மகன் என்று சொல்லி, ஒரு குடையை நீட்டமாட்டார்களா என்று.

சரசு வீட்டில் அந்த மெரூன் குடை இன்னும் விரிகிறது. அதற்குப் பிறகு எத்தனையோ மழை வந்து போய்விட்டது. நானாவுக்கு நான் தரவேண்டிய பதினைந்து ரூபாய் அப்படியே இருக்கிறது.