நாற்பதாவது வளைவு

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தை பொய்யென்றால் இந்த வருஷம் என் மிளகுக் கொடியில் ஒரு மணிகூடப் பிடிக்காமல் போகட்டும்.

குண்டூர் நாட்டு ராசப்பனுக்கு மூத்திரப்பையில் புற்றுநோய். கட்டியைச் சுரண்டி எடுத்தாகிவிட்டது. ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மலையிறங்கிப் போய், உள்ளே கேமரா விட்டுப் பார்க்க வேண்டும். விட்டுவிட்டால் திரும்ப முளைக்கலாம் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார்.

மலைக்கு, அடிவாரத்திலிருந்து எண்ணினால், எழுபது கொண்டை ஊசி வளைவு. உச்சியிலிருந்து இறங்கும்போது ராசப்பன் முப்பதுதான் தாங்குவார். நாற்பதாம் நம்பர் பலகை தெரிந்ததும் கண்டக்டரைக் கும்பிட்டு, இறங்கி, ஓர் உண்ணிச்செடிப் புதருக்குப் பின்னால் ஓடுவார். சில கண்டக்டர்கள் நிறுத்துவார்கள், சிலர் மாட்டார்கள்.

இந்நிலையில், 'நோயாளிக்கு எது மிக முக்கியம்' என்பதைக் கண்டறிந்து ஆவன செய்யும் பொருட்டு, மலைக்குக் கீழே கீழ்நாட்டிலிருந்து அரசு அலுவலர் இமானுவேல் டேப்லெட்டோடு வந்து சேர்ந்தார்.

“நீண்ட ஆயுளா, வலியில்லாம இருக்கறதா, மன அமைதியா? எது முக்கியம்?”

“எல்லாந்தானுங்க. ஆனா மொதல்ல நாப்பதாவது வளைவுல பஸ் ரெண்டு நிமிஷம் நிக்கோணுமுங்க. ஒரு மறைப்புக் கட்டிக் குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போகும்.”

“அதுக்குக் கட்டம் இல்லையே. 'இதர'ல போடறேன். பத்து எழுத்துக்கு மேல ஏறாது.”

“மூத்திரம்னு போடுங்க சாமி. அஞ்செழுத்துதான்.”

“அரசு ஆவணத்துல அந்த வார்த்தையெல்லாம் எழுதலாமா?” என்று முகம் சுளித்த இமானுவேல், 'நாற்பதாவது வளைவு' என்று மட்டும் பதிந்துகொண்டார்.

அந்தப் பதிவைப் பரிசீலிக்க அதிகாரிகள் கமிட்டி மூன்று முறை கூடியது. நாலு தட்டு முந்திரி பக்கோடா தீர்ந்ததும், 'மேற்படி நோயாளி மேற்படி வளைவின் இயற்கை எழிலில் மனம் லயித்துள்ளார்' என்று ஏகமனதாக முடிவாயிற்று. புதரை வெட்டினார்கள். அந்த இடத்தில் செல்ஃபி பாயிண்ட் எழும்பியது. ஒரு சிவப்பு இதயம், இரண்டு பிளாஸ்டிக் இறக்கை, நாலு பக்கமும் கேமரா, 'இங்கு அசுத்தம் செய்தால் அபராதம்' என்றொரு பலகை.

திறப்பு விழாவன்றுதான் ராசப்பன் பரிசோதனைக்குக் கிளம்பியிருந்தார். பஸ் நின்றது, ரெண்டு நிமிஷமல்ல, முழுசாக இருபது நிமிஷம்!

“ஏனுங்க, பொதர் எங்கீங்க?”

“உங்களுக்காகத்தாங்க எடுத்துட்டோம்!” என்றார் இமானுவேல், பூரிப்போடு. “அந்த இறக்கைக்கு நடுவுல நில்லுங்க.”

“சார், இங்கயே போயிரும்போல இருக்குதுங்க.”

“கேமரா இருக்குதுங்க, அபராதம் போட்டுருவாங்க. சிரிங்க.”

ராசப்பன் பல்லைக் கடித்தார். அது படத்தில் சிரிப்பாக விழுந்தது. வேட்டி நனைந்தது. படத்தில் இடுப்புக்குக் கீழே வெட்டிவிட்டார்கள். அந்தக் கோலத்தில் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க வெட்கப்பட்டு, மேலே ஏறிய பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பினார். பெண்சாதி கண்ணாயி காலில் விழாத குறையாகக் கெஞ்சியும் இதுவரை மறுபடி இறங்கவில்லை.

கோப்பில் கடைசி வரி இப்படி இருக்கிறது: 'நோயாளியின் முதன்மைத் தேவை நிறைவேற்றப்பட்டது. அதன்பின் அவரிடமிருந்து கோரிக்கை ஏதும் வரவில்லை.'

பஸ்ஸில் வந்த மற்ற நாற்பத்திரண்டு பேரில் அவர் திரும்பிப் போனதை ஒருவரும் பார்க்கவில்லை. எல்லோரும் இறக்கைக்கு வரிசையில் நின்றிருந்தார்கள்.

இதை யார் சொன்னார்கள் என்று மட்டும் எவரிடமும் மூச்சு விட்டுவிடாதீர்கள். அந்த வரிசையில் முதல் ஆள் நான்தான். படம் நன்றாகவே வந்திருக்கிறது.